இரண்டு விசில்

அவளுக்கு விசிலக்கா என்று பேர் வைத்தது பயணிகள். நகர பஸ்ஸில் கண்டக்டர். அதே பஸ்ஸை ஓட்டுகிறவர் அவளுடைய புருஷன். வீட்டிலும் வண்டியிலும் சேர்ந்தே இருந்து எப்படித்தான் காலம் தள்ளுகிறீர்களோ என்று யாராவது கேட்டால், "வண்டியில முன்னாடி நான் பாத்துக்கறேன், பின்னாடி அவ பாத்துக்கறா. வீட்டுல ரெண்டு பக்கமும் அவதான்" என்பார்.

ஒரு விசில் ஊதினால் நிறுத்து, இரண்டு ஊதினால் எடு. வண்டியில் அவர்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. கூட்டம் தொங்கினால் பின்படிக்கட்டு கண்ணாடியில் தெரியாது. அவள் இரண்டு ஊதிவிட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், கால் தானாக மிதிக்கும். தாலி கட்டின அன்றைக்குக்கூட அவளை அவ்வளவு நம்பியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

வெயில் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. ஸ்டாப்பில் இருந்த இரும்பு பெஞ்சில் உட்கார ஆளில்லை. மதியத்தில் பஸ் பாதி காலியாகப் போகும். பக்கத்தில் ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு புகை. டிக்கெட்டுக்கு வழியில்லாதவர்கள் அந்தப் புகைக்குள் ஓரமாக நடந்து போவார்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் ஒரு அம்மா அப்படி நடந்து வந்து, ஒருநாள் ஸ்டாப்புக்கு எதிரிலேயே சுருண்டு விழுந்தாள். விசிலக்காதான் தூக்கி வந்து சீட்டில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கண் திறந்ததும் அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை, "டிக்கெட் எடுக்கல கண்ணு, எறங்கிடறேன்." வெயிலைவிட அது சுட்டது.

அன்றைக்குப் பிடித்த பிடிவாதம். பஸ்ஸை எல்லாருக்கும் இலவசமாக விடுங்கள், அவனவன் வண்டியை வீட்டில் போட்டுவிட்டு வருவான், புகை அடங்கும், இந்தச் சூடு இதற்கு மேல் ஏறாமலாவது இருக்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். லீவு நாள் முழுக்க ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று கையெழுத்து வாங்கினாள். முதல் கையெழுத்து தரை துடைக்கும் அம்மாவுடையது.

டிப்போவில் கண்டக்டர்கள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். "ஊருக்கு சூடு கொறையும், நம்ம வீட்டுல அடுப்பு அணையும். டிக்கெட் இல்லாத பஸ்ஸுல நமக்கு என்ன வேலை?" என்று மூத்த கண்டக்டர் மட்டும் முகத்துக்கு நேரே கேட்டார்.

"கண்டக்டர் வேணாம்னா கேட்டேன்? டிக்கெட்தான் வேணாம்கறேன்," என்றாள்.

மேனேஜர் எதிர்க்கவே இல்லை. அவளுடைய ரூட்டில் மட்டும் மூன்று மாதம் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மறுநாள் உத்தரவு வந்தது: டிக்கெட் இல்லை, ஆகவே அந்த ரூட்டுக்குக் கண்டக்டரும் இல்லை. விசிலக்காவை டிப்போவில் சீட் கழுவப் போட்டார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள் என்று ஊர் பேசியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் இது நிலைக்கட்டும், கண்டக்டருக்காக அப்புறம் சண்டை போடலாம் என்று இருந்தாள்.

பஸ் நிரம்பியது. நிஜமாகவே ரோட்டில் வண்டிகள் குறைந்தன. ஆனால் கூடுதலாக ஒரு பஸ்கூட விடவில்லை. புளிமூட்டை மாதிரி ஜனத்தை அடைத்துக்கொண்டு அவள் புருஷன் தனியாக ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் புலம்புவார்.

"யாரு ஏர்றா, யாரு எறங்கறா ஒண்ணும் தெரியல. உன் விசிலுக்காக ஒக்காந்திருக்கேன். பின்னாடி ஹார்ன் அடிச்சாத்தான் நீ இல்லேன்னு நெனப்பு வருது."

"அவ்ளோ ஆசையா என் மேல?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

மூன்று மாதம் முடியும் தறுவாயில் நகரசபைக்காரர்கள் பெரிய ஸ்டாப்புக்கு நேரில் வந்தார்கள். அவர்கள் சரி என்றால் இலவச பஸ் நிரந்தரம். விசிலக்கா ஆட்களைத் திரட்டியிருந்தாள். வெயில் தாங்காமல் அவர்கள் கடைவாசல்களில் ஒதுங்கி நின்றார்கள். அதிகாரிகளின் கார் வந்து நின்றது. ஆட்களைக் கத்திக் கூப்பிட்டாள், ஒருவர் காதிலும் விழவில்லை. கழுத்தில் விசில் கிடந்தது. எடுத்து ஊதினாள். வாய்க்குப் பழகினது இரண்டுதான். இரண்டு ஊதினாள்.

பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றிருந்த புருஷனின் பஸ் நகர்ந்தது.

படிக்கட்டில் ஒரு கால் வைத்திருந்தவள் தரை துடைக்கும் அம்மா. விழுந்தாள். பின்சக்கரம் அவள் முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கியது. உயிர் தப்பியது. கால் தப்பவில்லை.

விசாரணையில் மேனேஜர் கேட்டார், "பாக்காம ஏம்ப்பா எடுத்தே?"

"விசில் கேட்டுது சார்."

"யாரு ஊதினது?"

புருஷன் தரையைப் பார்த்தார். வேலையே போனாலும் சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"நான்தான் சார்," என்றாள் விசிலக்கா. "கண்டக்டர் இருந்திருந்தா இது நடந்திருக்காது. எங்களத் திருப்பி வண்டிக்கு அனுப்புங்க. டிக்கெட்ட மட்டும் விட்டுடுங்க."

மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "டிக்கெட் குடுக்காத கண்டக்டருக்கு எங்கேருந்தும்மா சம்பளம் போடறது? இலவசம்னா கூட்டம், கூட்டம்னா விபத்து. ஊரே பாத்துடுச்சு. இனிமே யாரும் இதக் கேக்க மாட்டாங்க," என்று ஃபைலை மூடினார்.

திங்கட்கிழமை இலவசம் ரத்தானது, டிக்கெட் மெஷின் திரும்ப அவள் கைக்கு வந்தது. பேசாமல் இருந்த கண்டக்டர்கள் சுற்றி நின்றார்கள். மூத்த கண்டக்டர் டீ வாங்கி வந்து நீட்டினார். "நீதாம்மா எங்க பொழப்பக் காப்பாத்தினே," என்றார். மனசாரத்தான் சொன்னார். அவள் டீயை வாங்கி அப்படியே ஓரமாக வைத்துவிட்டு வண்டிக்குப் போனாள்.

மதிய டிரிப்பில் பெரிய ஸ்டாப்பில் ஒரு பெண் சாப்பாட்டுப் பையோடு ஏறினாள். தரை துடைக்கும் அம்மாவின் மகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். மெஷினைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏறும்மா. டிக்கெட் காசு நான் போட்டுக்கறேன்," என்றாள் விசிலக்கா.

"அம்மா அங்க மாசக்கணக்குல கெடக்கணுமாம்க்கா. நீங்க எத்தன நாளைக்குப் போடுவீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டாள். இறங்கி, பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்கத் தொடங்கினாள்.