அவள் திரும்பி வரக் கூடாது என்று ஜெபித்தேன்

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சபையில் மறைக்க மனம் வரவில்லை.

1962. திண்டுக்கல்லில் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் என்றே நடந்த பெண்கள் உயர்நிலைப்பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பரீட்சை வைத்து, கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கித்தான் சேர்ப்பார்கள். பதினோரு வருடம் கீழ் வகுப்புகளுக்கே நடத்தினேன். எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு அடுத்து எனக்குத்தான் என்று காத்திருந்தேன். அதைப் பழனிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த சரோஜாவுக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு வயது இருபத்தாறு.

அன்று முதல் என் நெஞ்சு எரிந்தது. அவள் வகுப்பில் பிள்ளைகள் சிரித்தால் எனக்குச் சுருக்கென்றது. மத்தியானச் சாப்பாட்டில் தொட்டுக்கொள்ள அவள் வெஞ்சனத்தை நீட்டினால், வயிறு சரியில்லை என்பேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடினோம். என் வாய் மட்டும்தான் பாடியது.

பொங்கல் கழிந்து அவளுக்கு மஞ்சள்காமாலை கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வகுப்பு என் கைக்கு வந்தது. பரீட்சை முடியும்வரை அவள் திரும்பி வரவேண்டாம் ஆண்டவரே என்று முழங்கால் போட்டுக் கேட்டேன். மெய்யாகவே கேட்டேன்.

இரண்டு வாரத்தில் அவள் பிழைப்பதே கஷ்டம் என்று பேசிக்கொண்டார்கள். நான் கேட்டதுதான் நடக்கிறதோ என்று பயந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கண்ணெல்லாம் மஞ்சளாக, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள்.

"நீங்க வகுப்பெடுக்கறீங்கன்னு கேட்டப்புறந்தானுங்க அக்கா எனக்கு நிம்மதி. தினமும் உங்களுக்காகத்தான் ஜெபிக்கறனுங்க" என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "உன்னப் பாத்து வயிறெரிஞ்சேன் தாயி. நீ வரக் கூடாதுன்னு கேட்டேன்" என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப மாத்திக் கேளுங்க அக்கா" என்றாள்.

மூன்று நாள் உபவாசமிருந்தேன். அவள் பிழைக்க வேண்டும் என்று கேட்பது சுலபமாக இருந்தது. வகுப்பையும் அவளுக்கே திருப்பிக் கொடும் என்று சொல்லத்தான் நாக்கு வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அதையும் சொன்னேன்.

மறுநாள் அவள் கஞ்சி குடித்தாள். பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் வகுப்புக்கே வந்தாள். சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கொஞ்சம் வலித்தது; பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எரிச்சல் போய்விட்டது. இன்றுவரை திரும்பவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு எனக்கு அப்புறமும் கிடைக்கவில்லை. ஒரு தங்கச்சி கிடைத்தாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உங்களில் யாருக்காவது ஒருவர்மேல் பொறாமை இருந்தால், அதை ஒளித்துக்கொண்டு ஜெபிக்காதீர்கள். அவர் பெயரைச் சொல்லி, அவருக்கு நன்மை கேளுங்கள். கர்த்தர் உங்களையும் சேர்த்துக் குணமாக்குவார்.