சூடு மிதித்த அன்று மகள் கதைத்த கதை

எங்கள் மூத்த பிள்ளை ஏழு மாதத்திலேயே நன்றாகக் கதைப்பாள். அதில் ஒரு சொல்லும் சொல்லாக இராது. ஆனால் கதை மட்டும் நிற்காது. "அவ்வ வ்வா, த்த த்தா, ப்பூ" என்று கையை நீட்டி, நெற்றியைச் சுருக்கி, யார்மேலோ முறைப்பாடு வைக்கிறவள் போல இருப்பாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க இன்றைக்கும் வெட்கம். எனக்கு எப்படி இப்படி ஒரு பிள்ளை பிறந்தது என்று யோசிப்பேன்.

அவளுடைய அப்பாவும் வெளியில் பெரிதாகக் கதைக்கமாட்டார். குளத்துக்குக் கீழே காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்து இரண்டு வருடமாகியும், குடியேற்றத்தில் பாதிப் பேருக்கு அவருடைய குரல் தெரியாது. வீட்டில் மட்டும், பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், அது வேறு மனிதர்.

"அவ்வ வ்வ வ்வா," என்பாள் மகள்.

"ஓமோம். அவன் வாய்க்காலை மறிச்சுப் போட்டான். நான் என்ன செய்யிறது?"

"த்தா. த்த த்தா."

"அப்பிடியெல்லாம் சொல்லக் கூடாது, பிள்ளை. பக்கத்துக் காணிக்காரன். பகைக்க ஏலாது."

கொஞ்ச நேரத்தில் தமிழை விட்டுவிட்டு அவளுடைய பாஷைக்கே போய்விடுவார். கடைசியில் வருகிற 'ப்பூ'வுக்குக் கன்னம் இரண்டையும் ஊதிக்கொண்டு சொல்வார். நான் குசினிக்குள் நின்று சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொள்வேன். நான் கேட்கிறேன் என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவாரே. இதில் ஒரு தொல்லையும் இருந்தது. அவள் சொன்னதற்கு மறுமொழி வராவிட்டால் முதலில் உதடு பிதுங்கும், பிறகு முகம் சிவக்கும், பிறகு வருகிற சத்தத்தில் கோழிகள் வேலி ஏறும்.

அந்த மாசியில் எங்களுக்கு முதல் நல்ல விளைச்சல். அறுத்த கதிரை எல்லாம் களத்தில் சூடு என்கிற பெரிய போராகக் குவித்து வைத்திருந்தது. அதைப் பரப்பி, மாடுகளைப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி மிதிக்க விட்டால்தான் நெல் கழலும். அதற்கு மாடு வைத்திருந்தவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வன்னிக்காரர் ஒருவர். நாற்பது வயதிருக்கும். நாங்கள் மாட்டுக்காரர் என்போம். அவர் களத்துக்குள் கால் வைத்தால் சட்டம் அவருடையது. களத்துக்குள் ஊர்ப் பேச்சு ஆகாது. மாடு, சுளகு, வைக்கோல், நெல் எல்லாவற்றுக்கும் களத்துக்கென்று வேறு பெயர்கள் உண்டு. அவற்றை இப்போது சும்மா எழுத எனக்கு மனம் வரவில்லை. சிரிப்பும் ஆகாது. பெண்கள் உள்ளே போகவும் ஆகாது. மீறினால் பூதம் வந்து குவிந்த நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடும்.

எங்கள் முறைக்கு முந்தின கிழமைதான் எங்களைப் போல யாழ்ப்பாணத்தால் வந்த ஒருவர், களத்துக்குள் நின்று "இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்டுவிட்டார். மாட்டுக்காரர் அப்போதே மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அன்று பின்னேரம் மழை. பாதி மிதித்த கதிர் களத்திலேயே முளைவிட்டது.

எங்களுடைய முறை வந்த அன்றும் கிழக்கே வானம் கறுத்திருந்தது. விடியப் போகும்போது இவர் என்னிடம், "சோறு கொண்டு வந்து வரம்பில வைச்சிட்டுப் போ. பிள்ளையைக் கொண்டு வராதை," என்றார். யாரிடம் விடுவது? அயலில் எல்லோரும் கதிர் அறுக்க, அருவி வெட்டுக்குப் போயிருந்தார்கள். இடுப்பில் பிள்ளையும் தலையில் சோற்றுப் பெட்டியுமாகத்தான் போனேன்.

ஆறு மாடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. மாட்டுக்காரரோடு இன்னும் இரண்டு பேர், இவர். மாட்டுக்குப் பின்னால் இவர் வரம்புப் பக்கம் வந்தபோது மகள் கண்டுவிட்டாள்.

"அவ்வ வ்வா."

இவர் மாட்டு வாலைப் பார்த்துக்கொண்டு போனார். அடுத்த சுற்றில் அவள் இன்னும் நீளமாகச் சொன்னாள். அதற்கடுத்த சுற்றில் கேள்வியாகவே கேட்டுவிட்டு, தலையைச் சரித்துக் காத்திருந்தாள். இவருக்கு வியர்த்தது. நான் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன். பிள்ளை வில்லாக வளைந்து ஒரு கத்தல் கத்தினாள். முன் மாடு திடுக்கிட்டு நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போது மாடுகளுக்கு நடுவிலிருந்து, மெல்லிய குரலில், "அவ்வ வ்வ வ்வா."

மகள் கத்தலை நிறுத்தினாள். "த்த த்தா?"

"த்தா," என்றார் இவர். "த்த த்தா. ப்பூ."

கன்னத்தையும் ஊதிவிட்டார், பழக்கதோஷம்.

மற்ற இரண்டு பேரும் கீழே குனிந்துவிட்டார்கள். மாட்டுக்காரர் கயிற்றை ஒருவர் கையில் கொடுத்தார். களத்தை விட்டு இறங்கினார். என்னைத் தாண்டி, என் முகம் பாராமல், பாலை மரத்துக்குப் பின்னால் போனார். இவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. மழை வந்து கதிர் முளைவிட்டால் வருடம் முழுக்கச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? என் பிள்ளையால் வந்த வினை.

எட்டிப் பார்த்தேன். மாட்டுக்காரர் குந்தியிருந்து, சால்வையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, தோள் இரண்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்தபடி என்னிடம் வந்தார். களத்துக்கு வெளியேதானே நின்றார், கதைக்கலாம்.

"தங்கச்சி, இந்தப் பிள்ளை ஊர்ப் பேச்சு ஏதும் பேசினவளே?"

"இல்லை அண்ணை."

"அவர்?"

"இல்லை."

"அப்ப பூதத்துக்கும் ஒண்டும் விளங்கியிராது. நீ உதிலையே நில். போனா அவள் கத்துவாள், மாடு வெருளும்."

பின்னேரம் வரைக்கும் நின்றேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் ஏதாவது கேட்டாள், ஒவ்வொரு சுற்றுக்கும் இவர் தலையைக் குனிந்தபடி மறுமொழி சொன்னார். பிறகு மற்ற இரண்டு பேரும் சொல்லத் தொடங்கினார்கள், ஒரு சிரிப்பில்லாமல், கோயில் காரியம் போல. கடைசிச் சுற்றில் மாட்டுக்காரரும் வரம்படியில் ஒருதரம் நின்று, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "ப்பூ" என்றார்.

கடைசிச் சாக்கு வீட்டுக்குள் ஏறவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. எல்லோரும் எங்கள் தாழ்வாரத்தில் ஒதுங்கித் தேத்தண்ணி குடித்தார்கள். மாட்டுக்காரர் பிள்ளையை மடியில் வைத்து, "எங்கை, இப்ப கதை பாப்பம்," என்றார். பகல் முழுக்கக் கதைத்த களைப்பில் அவள் வாயைத் திறந்தபடி உறங்கிவிட்டாள். கன்னத்தைத் தட்டினார், உள்ளங்காலில் கூச்சம் காட்டினார். அசையவில்லை. அவருக்கு உண்மையாகவே மனவருத்தம்.

இவரைத் திரும்பிப் பார்த்து, "நீராவது கொஞ்சம் கதையுமன்," என்றார்.

இவர் எழுந்து, மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று கையாலேயே காட்டிவிட்டு, அந்தக் கொட்டுகிற மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.