கழுவி வைத்த வீட்டின் சேதம்

தையல் கடையில் அவளுடைய மிஷின் இழுப்பறையைத் திறந்தால் நூல்கண்டு இருக்காது. விண்ணப்பப் படிவங்கள்தான் இருக்கும். பட்டாளத்திலிருந்த கணவன் இறந்தபின், குடும்ப ஓய்வூதியத்துக்காக மூன்று வருஷம் மேஜை மேஜையாக அலைந்தவள். 'நாளைக்கு வாங்க' என்ற ஒவ்வொருவரிடமும் எந்தத் தாள் குறைகிறது என்று கேட்டுக் கேட்டே எல்லாம் படித்துக்கொண்டாள். அதன்பின் முன்னாள் பட்டாளத்துக்காரர் யார் தாளை நீட்டினாலும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவாள். கூலி வாங்குவதில்லை. மனுக்காரம்மா என்றால்தான் அவளைத் தெரியும்.

வெள்ளம் வடிந்த நான்காவது வாரம் மேஜர் வந்தார். மேஜர் என்பது தெரு வைத்த பெயர். பட்டாளத்தில் அவர் லாரி ஓட்டியவர். கையில் நிவாரண அலுவலகக் கடிதம். 'சேதம்: இல்லை.' நிவாரணம் தள்ளுபடி. சேதச் சான்று இல்லாமல் வீட்டுக்கடனைக் கட்ட வங்கி அவகாசம் தராது. மாதம் முடிந்தால் வீடு ஏலத்துக்குப் போகும்.

"இடுப்பளவு தண்ணி நின்ன வீட்டுல சேதம் இல்லையா?"

"எனக்கும் அதான் புரியல தங்கச்சி."

"அவங்க வந்தப்ப வீடு எப்படி இருந்துச்சு?"

"சும்மா சொல்லக்கூடாது, பளிச்சுன்னு இருந்துச்சு." மேஜரின் முகத்தில் பெருமை. "புதன்கிழமை இன்ஸ்பெக்‌ஷன்னு நோட்டீஸ் வந்துச்சு. நானும் உங்க அண்ணியும் மூணு நாள் தூங்கல. சேத்தை வாரி, கழுவி, வெள்ளையடிச்சு, உப்பிப்போன கட்டில் பீரோவெல்லாம் குப்பை லாரியில ஏத்திட்டோம். பட்டாளத்துல முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன், எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. விசாரித்தால், வந்த அதிகாரி வாசற்படியிலேயே நின்று ஆறு நிமிஷத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்து அழுதிருந்தால் பணம் வந்திருக்கும். துடைப்பத்தை எடுத்ததுதான் குற்றமாம்.

மறு ஆய்வு கேட்டு மனு எழுதினாள். ஏழு முறை அலுவலகப் படி ஏறினாள். பத்தாம் நாள் அதே அதிகாரி வந்து கூடத்தின் நடுவில் நின்றார்.

"என்னம்மா, வீடு புதுசு மாதிரி இருக்கு."

"சுவரைத் தட்டிப் பாருங்க சார்."

"தட்டறதெல்லாம் விதியில இல்ல. கண்ணுக்குத் தெரியணும்."

"அப்ப தெரியவச்சிடலாம். அண்ணி, கடப்பாரை இருக்கா?"

மேஜர் பதறிப்போனார். "தங்கச்சி, நேத்துதான் ரெண்டாவது கோட்டு அடிச்சேன்."

"நகருங்க, உங்க பரேடு போதும்" என்று அவர் மனைவி கடப்பாரையோடு வந்தாள். இரண்டே குத்து. காரை பாளம்பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் ஈரத்தில் ஊறி, விரலால் சுரண்டினால் உதிர்ந்தது. சுவிட்சுப் பெட்டியைக் கழற்றியதும் கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. அதிகாரியின் செருப்பு இரண்டடி பின்வாங்கியது.

ஒரு மணி நேரம் எழுதினார். கடைசியில் ஒரு தாளை மேஜரிடம் நீட்டினார். 'உரிமையாளர் சேதத்தை மறைத்திருந்தார்' என்று அதில் இருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகியவர், பேனாவை வாங்கிவிட்டார். மனுக்காரம்மா தாளின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"மறைச்சாருன்னா திருட்டுத்தனம் சார். அடுத்த மேஜையில இதைக் காட்டியே திரும்பத் தள்ளிடுவாங்க."

"வேற என்னம்மா எழுதறது?"

"நடந்ததை எழுதுங்க. நீங்க நோட்டீஸ் அனுப்பினீங்க, அவர் வீட்டைக் கழுவி வச்சாரு. முதல் தடவை நீங்க சுவரைத் தொட்டே பார்க்கல."

"அந்தக் கடைசி வரியுமா?"

"அதை முதல்ல எழுதுங்க."

அவர் மேஜரைப் பார்த்தார். மேஜர் பேனாவின் மூடியைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் அதிகாரி இன்னொரு பேனாவை எடுத்து, அந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். மேஜர் இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி வண்டிக் கதவைத் திறந்தபோது அவள் பின்னாலேயே வந்தாள்.

"பின்தெருவுல பட்டாளத்துக்காரங்க வீடு இன்னும் ஆறு இருக்கு சார். ஆறுக்கும் சேதம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. எல்லாரும் கழுவித்தான் வச்சிருக்காங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.