ஆகஸ்ட் பெயிண்ட்

சந்திரகலாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவளைக் கல்யாணம் செய்து அழைத்து வந்து, துபாய் சத்வாவில் ஒரு ஃபிளாட்டில் ஏசிக்கும் டி.வி.க்கும் நடுவே வைத்துவிட்டால், பாவம், அவள்தான் என்ன செய்வாள்? பாஸ்போர்ட்டிலேயே 'இல்லத்தரசி, வேலை செய்ய அனுமதியில்லை' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். காலையிலேயே வீட்டு வேலை தீர்ந்துவிடும். அப்புறம் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடப்பாள்.

கணவன் ரகுநாதன் அஜ்மானில் புதிதாக முளைத்த ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எண்பதுகளின் தொடக்கம் அது. குண்டூசிகூடக் கப்பலில் வந்து இறங்கிய ஊரில், 'இங்கேயே தயாரித்தது' என்று டப்பாவில் அச்சடிப்பதே பெரிய கௌரவம். முதலாளி ஒபைத் அந்த டப்பா ஒன்றை விருந்தாளிகள் கண்ணில் படும்படி வீட்டு வரவேற்பறையில் வைத்திருந்தார். டப்பாவுக்குள் இருந்த சரக்கின் சூத்திரம் மட்டும் இங்கிலாந்திலிருந்து வந்தது. கூடவே வருடத்துக்கு ஒருமுறை ஒரு நிபுணரும் வந்து போனார்.

வில்லாக்களின் இரும்பு கேட்டுகளுக்கு அடித்த பெயிண்ட் ஒரே கோடையில் வெடித்து உதிர்ந்தது. நிபுணர் வந்து பார்த்தார். துருவைச் சரியாகச் சுரண்டவில்லை என்று கூலிக்காரர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு விமானம் ஏறினார். ரகுநாதன் வீட்டுக்கு வந்து புலம்பினான்.

"அவர் எந்த மாசம் வருவார்?" என்று கேட்டாள் சந்திரகலா.

"எப்பவும் ஜனவரிதான்."

"ஆகஸ்ட்ல ஃபேக்டரியில யாரு இருப்பாங்க?"

"யாரு இருப்பாங்க? முதலாளி லண்டன் போயிடுவார். கெமிஸ்ட் லீவுல போயிடுவார். நாமளும்தான் ஊருக்குப் போயிடறோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. வெயிலின் உச்சத்தில் அந்தப் பெயிண்ட் என்ன பாடு படுகிறது என்பதைப் படித்தவர் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்த கூலிக்காரர்களை யாரும் கேட்கவில்லை. சூத்திரத்தைக் கண்டுபிடித்தவன் தன் ஊர் வானத்தைப் பார்த்துத்தானே கண்டுபிடித்திருப்பான்? அங்கே எந்நேரமும் மழை. பெயிண்ட் சீக்கிரம் காய்ந்தாக வேண்டும் என்று, காயவைக்கும் மருந்தைத் தாராளமாகக் கலந்திருந்தான். இங்கே வெயிலே காயவைத்துவிடும். மேற்கொண்டு மருந்தும் சேர்ந்தால் பெயிண்ட் முறுகி அப்பளமாக நொறுங்காதா?

"அந்த மருந்தைக் குறைச்சுப் பார்க்கணும். மொட்டை மாடியில தகடு வைச்சுப் பார்க்கறேன். இந்த வருஷம் நான் லீவுக்கு வரலை."

"விளையாடறியா கலா? என் தங்கச்சி கல்யாணம்!"

இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஜூலை வந்ததும், கேட்ட சரக்கைச் சின்னச் சின்ன டின்களில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ரகுநாதன் தனியாக ஊருக்குப் போனான். மாமியார் போன் செய்து, கல்யாணத்தைவிடத் தகரத்துக்கு வர்ணம் அடிப்பது பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டார். கீழ் வீட்டு சுசீலா, "தனியா மாடியில என்னதான் பண்றே? எல்லாரும் ஒரு மாதிரி பேசறாங்க," என்றாள்.

சந்திரகலா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தகட்டிலும் மருந்தை ஒவ்வோர் அளவில் கலந்து அடித்து, டி.வி. ஆன்டெனாக்களுக்கு நடுவே சாய்த்து வைத்தாள். மாடிக் கதவின் கைப்பிடியைத் துணி சுற்றித்தான் தொட முடிந்தது. கீழே வந்தால் இருப்புக் கொள்ளாது, மறுபடியும் மேலே ஓடுவாள். எல்லாமே உதிர்ந்துவிட்டால்? கல்யாணத்துக்கும் போகாமல், இங்கேயும் ஒன்றும் இல்லாமல், எந்த முகத்தோடு நிற்பது? அந்தப் பயம் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆகஸ்ட் நடுவில் தொழிற்சாலைக் கலவை அடித்த தகடு முதலில் வெடித்தது. இன்னும் இரண்டு அதன் பின்னாலேயே போயின. மருந்தை மிகவும் குறைத்த தகடு காயவே இல்லை. மணல் அப்பி, பார்க்கச் சகிக்கவில்லை. அதற்குப் பக்கத்துத் தகட்டை நகத்தால் கீறினாள். அசையவில்லை. கரண்டிக் காம்பால் கீறினாள். அப்போதும் அசையவில்லை. அந்த வெயிலில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

செப்டம்பரில் தகடுகளை ரகுநாதன் முதலாளியிடம் எடுத்துப் போனான். தான் செய்ததாகச் சொல்லிக்கொள்வானோ என்று அவளுக்கு உள்ளூரச் சந்தேகம். அவன் அப்படிச் சொல்லவில்லை. ஒபைத் கார் சாவியால் தகட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "கலாஸ்! பேச்சு முடிஞ்சது. மேடம் சனிக்கிழமை லேபுக்கு வரட்டும்," என்று முடித்துவிட்டார்.

ஆனால் மனைவி கணவனின் விசாவில் இருப்பவள். அவள் வேலைக்குப் போக அவன் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி கொடுத்த காகிதம் ஃபிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்தது.

"போடலாம், என்ன அவசரம்?" என்றான். "சமையல் என்னாகும்?" என்றான். "நான் சூப்பர்வைசர், நீ லேப்ல எனக்கு மேல உட்காருவியா?" என்று ஒருநாள் உண்மையையும் சொல்லிவிட்டான். ஒரு சனிக்கிழமை போனது. இன்னொன்றும் போனது. தகடு காயக் காத்திருந்தது இதைவிடத் தேவலை என்று அவள் மறுபடியும் ஹாலில் நடந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சுசீலாவும் அவள் கணவன் வெங்கட்ராமனும் சாப்பிட வந்தார்கள். பேச்சு, விசாவையும் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருக்கும் அரபு முதலாளிகளான கஃபீல்கள் பக்கம் திரும்பியது. ரகுநாதன் கொதித்துப் போனான்.

"பழைய கம்பெனியில எங்க அப்பா சாகக் கிடந்தப்போ, பாஸ்போர்ட்டைக் கொடுக்க ஒரு கையெழுத்து சார்! நாளைக்கு, நாளைக்குன்னே இழுத்தடிச்சான் என் கஃபீல். ஒரு கையெழுத்துப் போட அவனுக்கு என்ன கஷ்டம்? நம்ம வாழ்க்கை அவன் பேனாவுல தொங்குது!"

சந்திரகலா ரசக் கரண்டியை வைத்தாள். ஃபிரிட்ஜ் மேலிருந்த காகிதத்தை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னோட கஃபீல் நீங்கதாங்க. உங்களுக்கு என்ன கஷ்டம்னு சொல்லுங்க."

ரகுநாதன் எழுந்து கை கழுவினான். துடைத்துக்கொண்டு வந்து வெங்கட்ராமனிடம் பேனா கேட்டான்.

மறுநாள் காலை சந்திரகலா கம்பெனி வேனில் ஏறினாள். கையெழுத்து கிடைத்த சந்தோஷத்தைவிட, அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்ததே என்ற கோபம்தான் அவளுக்கு அதிகமாக இருந்தது.