அவளுக்கு மெழுகுதிரி, எனக்குக் கொடி

யுத்தம் முடிகிற அந்த மாதங்களில் நான் ஒரு மெழுகுதிரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். சாதாரண வெள்ளை மெழுகுதிரிதான், கடையில் பெட்டியாக விற்பது. டென்மார்க்கில், ஹ்விடோவ்ரேயில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தின் இடைவேளை அறையில், சன்னல் பக்கத்து இருக்கைக்கு முன்னால் அதை ஏற்றி வைப்பார்கள். எனக்காக இல்லை. என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துக்காரிக்காக.

அந்த இல்லத்தில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். வேலைக்குப் போன முதல் நாளே அவள் ஊரைக் கேட்டாள். சொன்னேன். "மட்டக்களப்போ? ஐயோ அக்கா, ஆக்களைப் பாயோடை ஒட்ட வைச்சிடுவீங்களே" என்று சிரித்தாள். மட்டக்களப்பார் மந்திரம் செய்து, வந்தவரைப் போகவிடாமல் பாயோடு ஒட்ட வைப்பார்கள் என்பது யாழ்ப்பாணத்தாரின் பழைய பகிடி. நானும் சிரித்தேன். பிறகு சம்பலைப் பங்குபோட்டோம், பாரமான கிழவர்களைச் சேர்ந்து தூக்கினோம், மேலாளரின் நடையைப் பற்றித் தமிழில் தாராளமாகக் கதைத்தோம்.

டெனிஷ்காரருக்கு எங்களைப் பிரித்தறியத் தெரியாது. அவள் என்னைவிட ஒரு சாண் உயரம், நிறமும் கொஞ்சம் வெளிர். இருந்தும் அவளை என் பெயரால் கூப்பிடுவார்கள், என்னை அவள் பெயரால். அங்கே ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது பிறந்தநாள் வந்தால், பேரப்பிள்ளை பிறந்தால், எந்த நல்லது நடந்தாலும், அவர் உட்காரும் இடத்தில் சின்ன மரத்தண்டில் தங்கள் நாட்டுச் சிவப்பு வெள்ளைக் கொடியை நட்டு வைப்பார்கள். ஒருமுறை அவளுடைய பிறந்தநாளுக்கு என் இடத்தில் கொடியை வைத்து, என்னைச் சுற்றி நின்று பாட்டும் பாடிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். கேக்கை நான்தான் முதலில் வெட்டினேன்.

வன்னியில் சனம் கடற்கரைப் பக்கமாக ஒதுங்கத் தொடங்கிய நாட்களில் டெனிஷ் தொலைக்காட்சியிலும் செய்தி வந்தது. இடைவேளை அறையில் அவளிடம் விசாரித்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சொன்னாள். ஒருத்தி என்னைப் பற்றியும் கேட்டாள், அவளும் உங்கள் ஆள்தானே என்று. "இல்லை, அவ வேறை. கிழக்குப் பக்கம். அங்கத்தைய கதை வேறை" என்று இவள் டெனிஷில் சொன்னது, நடையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த என் காதில் விழுந்தது.

அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் புலிகள் இயக்கம் உடைந்து கிழக்கு பிரிந்துபோனதிலிருந்து, இங்கே எங்கள் பக்கத்து ஆள் என்றாலே அரைத் துரோகி. ஆனால் வெள்ளைக்காரருக்கு இந்த உள்வீட்டுக் கதை எங்கே விளங்கும்? யுத்தம் என்றால் இரண்டு பக்கம். இவள் ஒரு பக்கம் என்றால் நான் மற்றப் பக்கம். அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து தமிழச்சியாக இருந்தவள் ஒரு கோப்பி இடைவேளையில் சிங்களத்தி ஆகிவிட்டேன்.

எங்களை ஒரே நேரத்து வேலைக்குப் போடுவதை மேலாளர் நிறுத்தினார். எங்களுக்குள் சண்டை வரக்கூடாதாம். அவளுக்குப் பூங்கொத்து வந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள். பிறகு அந்த மெழுகுதிரி. வேலை மாறுகிற நேரங்களில் எல்லாம் என் கண்ணில் பட்டது. எனக்குக் கிடைத்தது நல்ல மரியாதையான தலையசைப்பு மட்டும். இத்தனை காலம் எங்களைப் பிரித்தறியாத கண்களுக்கு அந்த வசந்தத்தில் மட்டும் எப்படித்தான் வெளிச்சம் வந்ததோ! பிறந்தநாள் பாட்டையே ஆள் மாறிப் பாடியவர்கள். தவறியாவது ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்திருக்கலாம்.

அவளுடைய தாய் தகப்பன் கனடாவில் இருந்தார்கள், கூடப்பிறந்தவர்கள் லண்டனில். வன்னியில் ஒரு குருவிகூட அவளுக்கு இல்லை. அவள் அழுதது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் தம்பி அங்கே இருந்தான். லொறி ஓட்டுகிறவன். கிளிநொச்சியில் பெண் எடுத்து அங்கேயே இருந்துவிட்டான். இடம்பெயர்ந்து பெயர்ந்து லொறியும் போய், கடைசியாக யாருடைய தொலைபேசியிலோ கதைத்தான். "அக்கா, பங்கருக்குள்ள இருக்கம். புள்ளைக்குக் காய்ச்சல். மறுகா எடுக்கிறன்." மறுகா என்றால் எங்கள் ஊரில் பிறகு. அந்த மறுகா இன்றுவரை வரவில்லை.

"நீ சொல்லல்லண்டா அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று வீட்டில் என் கணவர் கேட்டார்.

"கேட்டு வாங்குற ஆறுதலும் ஒரு ஆறுதலா?" என்றேன். அது மட்டுமல்ல. தம்பி வன்னியில் என்று சொன்னால் அடுத்த கேள்வி, அவன் இயக்கமா என்பதாகத்தான் இருக்கும். லொறிக்காரன் என்றால் யார் நம்புவார்கள்? அங்கே அகப்பட்டால் புலி, இங்கே சொன்னால் பயங்கரவாதி, யாழ்ப்பாணத்தாருக்குத் துரோகியின் தம்பி. வாயை மூடிக்கொண்டு மெழுகுதிரியைப் பார்த்து வயிறெரிந்தேன்.

யுத்தம் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னதற்கு மறுநாள், ஆள் குறைவென்று என்னைக் காலை வேலைக்குக் கூப்பிட்டார்கள். இடைவேளைக்குப் போனேன். சன்னல் பக்கம் அவள் இருந்தாள், அழுது வீங்கிய முகத்தோடு, முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் என் இடம். அங்கே கொடி நட்டிருந்தது.

சமையலறையில் வேலை செய்த வயதான வெள்ளைக்காரி என் அருகில் வந்தாள். அந்த இல்லத்திலேயே நல்ல மனசுக்காரி அவள்தான். "போர் முடிந்துவிட்டதாமே. இனி உங்கள் ஆட்களுக்கு நிம்மதி. உன்னையும் நாங்கள் மறக்கவில்லை" என்று, சன்னல் பக்கம் கேட்காதபடி மெதுவாகச் சொல்லி என் தோளைத் தட்டினாள். ஒருத்திக்குத் துக்கம் என்றால் மற்றவளுக்குச் சந்தோசம் இருக்கத்தானே வேண்டும், இரண்டையும் கவனிப்பதுதானே நியாயம் என்று இரவிரவாக யோசித்திருப்பாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கொடியை எடுத்தேன்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். முகம் கல்லாகியது.

"இண்டைக்குக் கொடி வைச்சுக் கொண்டாடுறீங்களோ, அக்கா?"

"நான் வைக்கல்ல. எனக்கெண்டு வைச்சிருக்காங்க."

"ஏன், உங்களுக்கு என்ன நல்லது நடந்தது?"

"நான் வேற ஆள் எண்டு நீங்கதானே சொன்னீங்க."

அவள் குரல் இறங்கியது. "அக்கா, உங்களுக்கு அங்கை ஆரும் இருக்கினமோ?"

"தம்பி. பொஞ்சாதி புள்ளையோட. மறுகா எடுக்கிறன் எண்டான். எடுக்கல்ல."

"ஐயோ அக்கா!" என்று ஒரு சத்தம் போட்டாள். அந்த அறையில் அப்படி ஒரு சத்தம் அதற்குமுன் கேட்டதில்லை. தலையை மேசையில் போட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

டெனிஷ்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் கண்டதெல்லாம், கையில் கொடியோடு நின்ற நான் என்னவோ சொன்னேன், அவள் உடைந்துபோனாள் என்பதைத்தான். கதிரைகள் தள்ளுப்பட்டன. ஒருத்தி தண்ணீர் கொண்டு ஓடினாள். மேலாளர் முழங்காலில் நின்று அவளை அணைத்துக்கொண்டார். சமையலறைக்காரி மெழுகுதிரியை அவளுடைய தலைமயிர் படாத தூரத்தில் தள்ளி வைத்துவிட்டு, இன்றைக்காவது விட்டுவிடக்கூடாதா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

என் தம்பிக்காக அவளைக் கட்டிப்பிடித்தார்கள், ஒருவர் மாறி ஒருவராக. நான் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.