அப்பா விட்டுக்கொடுக்காத நாற்காலி

எங்கள் தந்தையார் சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் இந்நினைவு மலரைக் கையில் வாங்கியுள்ள உற்றார் உறவினர் அனைவர்க்கும் மூத்த மகனாகிய என் வணக்கம். மற்றவர்கள் எழுதியவை எல்லாம் அச்சேறிவிட்டன. என் கட்டுரைக்காக அச்சுக்கூடத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்துபோயிற்று. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இம்மலரில் எழுதியுள்ள மூவருமே 'மகனுக்காகத் தம் உத்தியோகத்தை விட்டுக்கொடுத்த உத்தமர்' என்று தந்தையாரைப் புகழ்ந்திருக்கிறார்கள். அது நடந்தபடி இல்லை. அதைச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தந்தையார் பிறந்தது ஸ்ரீவைகுண்டத்தில். நெல்லும் வாழையுமாக விளைந்த நிலம் பாட்டனார் காலத்துப் பங்காளி வழக்கில் கரைந்தது. வழக்கில் நிலத்தைத் தோற்ற வீட்டுப் பிள்ளை வக்கீல் வீட்டுக்கே எழுதப் போகிறான் என்று ஊரில் கேலி பேசினார்களாம். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திருநெல்வேலி டவுணில் ஒரு வக்கீலிடம் இருபது ஆண்டுகள் ஆங்கில மனுக்களுக்கு நகல் எழுதினார். எந்தத் தாளை எடுத்தாலும் தலைப்பில் பென்சிலால் சிறிதாகப் பிள்ளையார் சுழி போடுவார். எழுதி முடித்ததும், கோர்ட்டுக்குப் போகுமுன் அதை அழித்துவிடுவார். சுழி போடாத தாளில் அவர் கை ஓடாது.

ஐரோப்பா யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முன்பு வக்கீல் ஐயா சென்னப்பட்டணத்திலிருந்து டைப்ரைட்டர் ஒன்று வருவித்தார். தந்தையாரைக் கூப்பிட்டு, "இனிமே கையெழுத்து நகல எவனும் ஏறிட்டுப் பாக்க மாட்டான் வே. ஒரு வருசம் தாரேன். டைப் பரீட்சை பாஸ் பண்ணிட்டு வாரும். இல்லேன்னா நான் வேற ஆள் பாக்கணும்" என்றார்.

அப்போது தந்தையாருக்கு வயது நாற்பத்து நான்கு. கீழ ரத வீதி மாடி ஒன்றில் டைப் வகுப்பு நடந்தது. தனியே போகக் கூச்சப்பட்டு, பள்ளிக்கூடம் முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இருபது வருஷம் பேனா பிடித்த விரல்கள் சாவியை ஓங்கிக் குத்தின. கூடப் படித்த பையன்கள், "அண்ணாச்சி, டைப் அடிக்கியளா, வெத்தல இடிக்கியளா?" என்று சிரித்தார்கள்.

"பல்லு போனவன் வெத்தலைய இடிக்கணும். வேல போறவன் இத இடிக்கணும்லே" என்றார் தந்தையார். ஐந்தாறு மாதத்தில் என்னைவிட வேகமாக அடித்தார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பொறுக்கவில்லை.

பாளையங்கோட்டையில் பரீட்சை. விடைத்தாளில் அடையாளக் குறி எதுவும் இருக்கக்கூடாது என்று முன்பே படித்துக் காட்டினார்கள். ஆனாலும் பழகிய கை தாளை மெஷினில் மாட்டுமுன் சுழியைப் போட்டுவிட்டது. அழிப்பதற்குள் மணி அடித்து, தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். நான் தேறினேன், தந்தையாரின் தாள் தள்ளப்பட்டது. "பிள்ளையாரே பெயிலாக்கிட்டாரு. அடுத்த தடவ அவரே கரையேத்தட்டும்" என்று சிரித்தார். அடுத்த பரீட்சைக்கு ஐந்து மாதம். வக்கீல் ஐயா கொடுத்த தவணையில் ஆறு மாதம் பாக்கி இருந்தது.

முடிவு வந்த மறுநாள் வக்கீல் ஐயா என்னைத் தனியே வரச்சொன்னார். "ஒங்கப்பாவுக்கு வயசாயிட்டுலே. நாளைக்கே நீ வந்து உக்காந்துருதியா?"

தவணை இன்னும் முடியவில்லை என்று எனக்குத் தெரியும். "சரிங்கய்யா" என்றேன்.

வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டேன். வழக்கமான நேரத்துக்குத் தந்தையார் குடையும் விபூதியுமாக வந்தார். அவருடைய நாற்காலியில் நான் இருந்தேன். வாசற்படியிலேயே சற்று நின்றார். பிறகு உள்ளே வந்து, "முதுக நிமித்தி உக்காருலே, கூன் விழுந்திரும்" என்றார். தம் பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவரே மகனுக்கு இடம் கேட்டு வாங்கினார் என்று வக்கீல் ஐயா ஊரெல்லாம் சொன்னார். தந்தையார் மறுக்கவில்லை. அம்மாவிடம்கூட.

அவர் மூலையில் உட்காரவும் இல்லை. அடுத்த பரீட்சையில் மேஜைமேல் வெறும் விரலால் சுழி போட்டுவிட்டுத் தேறினார். அந்தச் சர்டிபிகேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இல்லை. இரண்டு பழைய மெஷின்களைப் பிடித்து, நாற்பது வயது கடந்து வேலை போன குமாஸ்தாக்களுக்கென்றே வகுப்புத் தொடங்கினார். காலத்தைத் திட்டிக்கொண்டு வந்தவர்களிடம், "வேல மாறுதுன்னு அழுதா மட்டும் அது நின்னுருமா வே? வெரல வையும்" என்பார். ஐம்பதை நெருங்கும்போது சுருக்கெழுத்துக்கும் புத்தகம் வாங்கினார். அது பாதியில் நின்றது. யுத்த முடிவில் வந்த விஷக்காய்ச்சல் நான்கே நாளில் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அந்த நான்கு நாளும் அஞ்சாமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அடுத்த வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சொந்தக்காரர்களே தெருமுனையில் தயங்கி நின்ற வேளையில் தந்தையாரைத் தோளில் சுமந்தவர்கள் அவரிடம் டைப் படித்த நரைத்த தலைக்காரர்கள். அவர்களுக்கு எந்த வார்த்தையால் நன்றி சொல்வேன்?

அவர்களில் ஒருவர் ஆற்றங்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒமக்காகத்தான வே அந்த மனுசன் வேலைய விட்டாரு" என்று அழுதார். நான் தலையை ஆட்டினேன். ஒரு வருஷமாக அது என்னைத் தூங்கவிடவில்லை. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. அவர் வந்து சேருமுன் நான் உட்கார்ந்துவிட்டேன்.