பதிவேட்டில் ஒரு டாக்ஸி

டிராம் ஓட்டுகிறவளுக்கு ஸ்டீயரிங் கிடையாது. சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். தண்டவாளம் போகிற பக்கம்தான் போக வேண்டும். குறுக்கே ஒருவன் வந்தால் ஒதுங்க வழியில்லை. கையில் பிரேக், காலடியில் மணி, அவ்வளவுதான். அந்த மணியை மிதித்து மிதித்தே மணியக்கா என்று பெயர் வாங்கியவள் அவள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

பன்னிரண்டு வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டினாள். யார் கண் பட்டதோ, இந்த வருஷம் இரண்டு கார்கள் வந்து மோதின. இரண்டும் மருத்துவமனை முக்கில். யாருக்கும் பெரிய அடியில்லை. ஆனால் வருஷத்துக்குள் மூன்றாவது மோதல் என்றால், தப்பு யாருடையதாக இருந்தாலும், இறக்கி டிக்கெட் ஜன்னலில் உட்கார வைத்துவிடுவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு ‘அடுத்த ஆள்’ என்று கூப்பிடவா இத்தனை வருஷம் ஓட்டினாள்?

அந்த முக்கில் நடப்பது எப்போதும் ஒன்றுதான். சாலை நடுவில் தண்டவாளம். அதை ஒட்டி, வலது பக்கம் திரும்புவதற்காகக் கார்கள் நிற்கும். அம்பு விளக்கு சிவப்பாக இருக்கும்போதே அதில் ஒன்று சட்டென்று தண்டவாளத்தில் ஏறும். பின்னால் டிராம் வந்துகொண்டிருக்கும்.

இப்படி மயிரிழையில் தப்பியதை எழுத டிப்போவில் ஒரு பதிவேடு உண்டு. யாரும் தொடமாட்டார்கள், எழுதினால் எழுதினவர் பேர்தான் கெடும் என்பது அங்கே ஊறிப்போன பயம். மணியக்கா எழுதினாள். நேரம், வண்டி எண், எந்த விளக்கு எரிந்தது, எத்தனை அடி இடைவெளி, ஒன்று விடவில்லை. கூட வேலை செய்கிற மீசைக்காரர், நாவல் எத்தனாவது அத்தியாயம் என்று கிண்டலடித்தார். மேலாளர் கூப்பிட்டு, இத்தனை தடவை தப்பித்தால் உங்கள் ஓட்டுதலைத்தானே சந்தேகப்படுவார்கள் என்று இழுத்தார். பட்டால் படட்டும் என்று வந்துவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அதே முக்கில் ஒரு டாக்ஸி குறுக்கே பாய்ந்தது. மணியை மிதித்துக்கொண்டே அவசர பிரேக்கைப் பிடித்தாள். பயணிகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். டிராம் நின்றபோது டாக்ஸியின் கதவுக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை. உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன் அவள் புருஷன்.

எழுதாமல் விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பேனாவைத் திறந்து இரண்டு தடவை மூடினாள். மூன்றாம் தடவை அந்த டாக்ஸியின் எண்ணையும் எழுதிவிட்டாள்.

வீட்டில் இரண்டு நாள் மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நடமாடினான். மூன்றாம் நாள், நன்றாக நாலு வாங்கு வாங்கலாம் என்றுதான் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தாள்.

“சிவப்பு எரியுதுன்னு தெரிஞ்சுதானே வந்தீங்க?”

“சத்தியமா விளக்கை நான் பாக்கவே இல்ல. பக்கத்து வரிசை கார் நகர்ந்துச்சு, கூடவே நானும் நகர்ந்துட்டேன்.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “மணி கேட்டதும் நீதான்னு தெரிஞ்சுபோச்சு. அய்யோ, இவ வேலையக் கெடுத்துட்டேனேன்னுதான் நெனச்சேன்.”

அவளுக்குக் கோபம் போய் அழுகை முட்டியது. மறுநாள் பழைய பக்கங்களைப் புரட்டினாள். அத்தனையும் நேராகப் போகிறவர்களுக்குப் பச்சை விழுந்த நொடியில் நடந்தவை. திமிர் பிடித்தவர்கள் என்று தான் திட்டியவர்கள் எல்லாரும் பக்கத்துக் காரோடு சேர்ந்து நகர்ந்தவர்கள்தான். புருஷன் சொன்னதை வரி பிசகாமல் எழுதி, மேலாளர் மேசையில் விரித்து வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார், சிரிக்கவில்லை.

அதிகாரிகள் இரண்டு பேர் வந்து நாலு நாள் அந்த முக்கில் வெயிலில் நின்றார்கள். அடுத்த மாதம் விளக்கின் வரிசையே மாறியது. திரும்புகிறவர்களை முதலில் அனுப்பிவிட்டு, பிறகுதான் மற்ற கார்களுக்கும் டிராமுக்கும் வழி. பிந்தி வருகிறவர்களுக்கு டிராம் படம் போட்ட விளக்கொன்று கண்ணைக் குத்துவதுபோல மினுங்கியது. ஒரு நாள் மீசைக்காரர் வந்து, சந்தை முக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று அவளிடமே பேனா கடன் கேட்டார்.

வருஷத்தின் கடைசி நாளும் வந்தது. மருத்துவமனை முக்கில், சிவப்பு அம்புக்கு முன்னால் அந்த டாக்ஸி நின்றது. பக்கத்து வரிசைக் கார்கள் நகர்ந்தன. டாக்ஸி நகரவில்லை. ஜன்னல் வழியே ஒரு தலை முழுசாகத் திரும்பி, பின்னால் வருகிற டிராமைப் பார்த்தது. அடிக்க அவசியமே இல்லாத மணியை மணியக்கா ஒரு தடவை மிதித்துவிட்டு, தன் இருக்கையில் இருந்தபடியே அந்த முக்கைக் கடந்து போனாள்.